தாவ் சின்லியின் வயிற்றை விட்டுக் கிளம்பியவர்கள்

பெருவெள்ளத்துக்கு மறுவருடம், இலையுதிர் காலத்தின் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாய் முடைகிற தாவ் சின்லியின் வயிற்றில் குடியிருந்த கோடானுகோடி நுண்ணுயிர்கள் ஒன்றுவிடாமல் வெளியேறி, தெருவைக் கடந்து, பைஹே ஊர் மூலிகைக் கடை வாசலில் வந்து நின்றன. தனித்தனியாக அவை கண்ணுக்குத் தெரியாது. மொத்தமாக நின்றதால் இடுப்பளவு உயரத்துக்குச் சாம்பல்பச்சை மூட்டமாகத் தெரிந்தன. அழுகிய முட்டை வாடை அடித்தது. அன்று சந்தையில் உலர்ந்த சாமந்திப்பூ வரத்து அதிகம். வண்டிக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு மூட்டத்தைச் சுற்றிப் போனார்கள்.

கடைக்குள் மூலிகை எடைபோடுகிற கூ யுன்லானுக்கு வந்திருப்பவர்கள் யாரென்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எதற்கு வந்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. தராசைக் கீழே வைத்தாள்.

ஆறு நாளுக்கு முன்பு, வயிற்றில் நீர் கோத்து வீங்கியிருந்த சின்லிக்கு வைத்தியர் ஷென் சீட்டு எழுதினார். நீரை இறக்க யுவான்ஹுவா என்கிற ஊதாப் பூமொட்டு. கடைசி வரியில் அதிமதுரம். நாற்பது வருடமாக ஷென்னின் கை எந்தச் சீட்டையும் அதிமதுரத்தில்தான் முடிக்கும். ஒரே சட்டியில் கொதிக்கிற மருந்துகள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்காமல் பஞ்சாயத்துப் பண்ணிவைப்பது அதுதான். ஆனால் யுவான்ஹுவாவிடம் அதன் பஞ்சாயத்து எடுபடாது. ஒன்றுசேரக் கூடாத பதினெட்டு மருந்துகளின் பாட்டு ஒன்று உண்டு. தராசைத் தொடுவதற்கு முன்பே எடைபோடுகிறவர்கள் அதை மனப்பாடம் செய்தாக வேண்டும். அதில் இந்தச் சோடி இருக்கிறது. வைத்தியர் தெரிந்தேதான் சேர்க்கிறார் என்றால், அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் இரண்டாவதாக ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் எடைபோடக் கூடாது. அதுதான் விதி.

யுன்லான் சீட்டை எடுத்துக்கொண்டு ஷென்னிடம் போனாள். பெஞ்சில் இருபது பேர் காத்திருந்தார்கள்.

"ஐயா, இது ரெண்டும் ஒண்ணா வந்திருக்கு. ஒண்ணை அடிச்சிருங்க. இல்லேன்னா பக்கத்துல கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

ஷென் சீட்டைப் பார்க்கவில்லை, பெஞ்சைப் பார்த்தார். "சின்ன கூ, அந்தப் பாட்டை உங்கம்மா பொறக்கறதுக்கு முன்னாடியே பாடினவன் நான். போய் எடைபோடு."

பெஞ்சு சிரித்தது. அடித்தால் இருபது பேர் முன்னால் தப்பு செய்ததாக ஆகும். கையெழுத்துப் போட்டால், பின்னால் ஏதாவது ஆனால் அது அவர் தலையில் விழும். அதனால் இரண்டையும் செய்யவில்லை. இவ்வளவும் தெரிந்த யுன்லான் திரும்பி வந்து எடைபோட்டாள். போட்டாள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சின்லி ஐந்து நாள் கஷாயம் குடித்தாள். வீக்கம் அப்படியே இருந்தது. தின்ற சோறு தின்ற மாதிரியே வெளியே போனது. கன்னம் ஒட்டிப்போய் வந்து நின்றவளிடம், சேரவே கூடாத நண்டையும் சீமைப் பனிச்சம்பழத்தையும் ஒன்றாகத் தின்றிருப்பாள், மருந்தில் பழுது இல்லை என்றார் ஷென். "நண்டு வாங்குற மூஞ்சியா இது? நல்லாப் பாருங்க!" என்று கத்தினாள் சின்லி. யாரும் பார்க்கவில்லை. மறுநாள்தான் அவள் வயிற்றிலிருந்தவர்கள் கிளம்பினார்கள்.

மதியத்துக்குள் ஊருக்கு வாடை பழகிவிட்டது. சின்லி சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து, "போதும், வாங்க வீட்டுக்கு. நீங்க இல்லாம எனக்கு ஒரு வாய் சோறு எறங்கல" என்று கூப்பிட்டாள். அவர்கள் நகரவில்லை. பழைய சீட்டுகளைக் குத்திவைக்கும் கம்பிமேல் போய்க் குவிந்து, ஒரே ஒரு சீட்டைச் சுற்றிக்கொண்டார்கள். யுன்லான் அதை உருவிக்கொண்டு ஷென்னிடம் நடந்தாள். பின்னால் சின்லி, அவளுக்குப் பின்னால் மூட்டம்.

"ஐயா, இவங்க அந்தக் கையெழுத்தக் கேக்குறாங்க."

"கிருமிக்கெல்லாம் நான் பதில் சொல்லணுமா?"

"இந்த அக்கா தின்ன சோத்தை இத்தனை வருஷம் செரிக்க வச்சவங்க இவங்க. ஒங்க கௌரவத்துக்கு ஒரு பொம்பளை பட்டினியாச் சாகணுமா?"

ஷென் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். போன வாரம் சிரித்த பெஞ்சு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. யுன்லான் அவர் மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள். இரண்டு பெயர்களுக்கும் பக்கத்தில், 'தெரிந்தே எடைபோட்டுக் கொடுத்தேன், கூ யுன்லான்' என்று எழுதினாள். அதன் கீழே ஒரு வரி இடம் விட்டுப் பேனாவை அவரிடம் நீட்டினாள். கை வலிக்கும்வரை நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் வாங்கவில்லை.

மூட்டம் அப்போது இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி சின்லியின் வாய்க்குள் போனது. அவள் வயிறு ஊரே கேட்கும்படி உறுமியது. கஞ்சி இருக்கிறதா என்று கேட்டாள். மறுபாதி வெளியே போய் ஷென்னின் பெயர்ப்பலகைமேல் உட்கார்ந்தது.

வாடை கிளப்பியதற்காக யுன்லானைக் கடையிலிருந்து நீக்கினார்கள். எடைபோட்டதற்காக அல்ல. அவள் ஆற்றுக்கு அக்கரையில் வேறொரு கடையில் சேர்ந்தாள். வருடத்துக்கு ஒருமுறை அந்தச் சீட்டோடு ஷென்னிடம் வந்தாள். ஷென் மேலும் ஒன்பது வருடம் சீட்டு எழுதினார், ஒரு விருது வாங்கினார், தூக்கத்தில் இறந்தார். அந்த ஒரு வரி கடைசிவரை காலியாகவே இருந்தது. "செத்த மனுஷன் எப்படிம்மா கையெழுத்துப் போடுவாரு?" என்றான் அவர் மகன். "உயிரோட இருந்தப்பவும் போடலியே" என்றாள் யுன்லான்.

பலகையைக் கழற்றியதும் அதன்மேல் இருந்தவர்கள் கீழே இறங்கி, புதிய வைத்தியரின் ஜன்னல் திண்டில் இடம் பிடித்தார்கள். அவர் பெஞ்சை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டார். சின்லிக்கு இப்போதும் அரைக் கிண்ணம்தான் செரிக்கும். தினமும் மதியம் கஞ்சியோடு வந்து அந்த ஜன்னலடியில் உட்கார்ந்து தன் பாதியைக் குடிக்கிறாள். மீதியைத் திண்டில் வைத்துவிட்டுப் பாய் முடையப் போகிறாள். மாலையில் கிண்ணம் காலியாக இருக்கும்.