திருடப்பட வேண்டிய ரோஜா

1

இந்தக் கதை முடியும்போது நமங்கான் நகரிலிருந்து ஒரு மூடநம்பிக்கை நிரந்தரமாக ஒழிந்திருக்கும். இதை எழுதுபவர் எல்யோர், கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவர், சுவர்ப் பத்திரிகையின் ஆசிரியர். (தன்னைத்தானே 'அவர்' என்று எழுதிக்கொள்வது அடக்கத்தினால்.)

ஒழியப்போகும் நம்பிக்கை இது: கேட்டு வாங்கிய ரோஜாக் குச்சி பட்டுப்போகும், திருடிய குச்சிதான் வேர் பிடிக்கும். 'வேருக்குச் சொத்துரிமை தெரியுமா?' என்ற தலைப்பில் எல்யோர் இதைக் கிழித்துத் தொங்கவிட்ட கட்டுரையைக் கல்லூரியே படித்தது. அதாவது நான்கு பேர்.

கதை பிறந்த விதத்தை ஒப்புக்கொண்டுவிடலாம். அது கற்பனையில் பிறக்கவில்லை. வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸ் முடிந்த மறுவாரம் பனி கொட்டிய காலையில், எதிர்வீட்டு ஹொசியத் அக்கா தன் கணவரைப் பார்த்துப் போட்ட கூச்சலில் பிறந்தது.

2

தொடக்கம், முதல் முயற்சி: "விடியலின் கன்னத்தில் ஒரு பனித்துளி..." அடித்தாயிற்று.

இரண்டாம் முயற்சி: "ரோஜா என்பது..." என்னவென்று எல்யோருக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, வேறு வழியில்லாமல், நடந்தது நடந்தபடி. ஹொசியத் அக்கா பள்ளியில் இயற்பியல் நடத்துபவர். அவர் வாங்கிய வீட்டோடு ஒரு ரோஜாச் செடியும் வந்தது. காலையில் வாதுமைப் பருப்பு நிறத்தில் விரியும். சாயங்காலத்துக்குள் வெட்கப்பட்டதுபோல் சிவந்துவிடும். நர்சரிக்காரர்கள் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்கள். வேறெங்கும் அந்த ரகம் இல்லை.

ஏன் இல்லை என்பதுதான் கதை. ஒரே ஒருமுறை அக்கா தன் நாத்தனாருக்குக் குச்சி வெட்டிக் கொடுத்தார், அது பட்டுப்போனது.* அன்றிலிருந்து யாருக்கும் கொடுப்பதில்லை. திருடுவதற்கு வசதி செய்துகொடுப்பார். விருந்தாளிகளைச் செடிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, தேநீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய் நெடுநேரம் வரமாட்டார். விருந்தாளிகளோ மரியாதை தெரிந்தவர்கள். கையை மடியில் வைத்தபடி காத்திருந்தார்கள்.

* ஜூலை மாத வெயிலில், பூட்டிய காரின் பின்கண்ணாடி ஓரமாக ஒரு பகல் முழுக்க வெந்தபின். தெருவில் இதை யாரும் குறிப்பிடுவதில்லை.

3

ஒர்திக் அண்ணன், அதாவது அக்காவின் கணவர், இந்தக் கதைக்குத் தேவையா என்று எல்யோருக்கு ஒரு சந்தேகம். நீக்கிப் பார்த்தார். செடியைக் கொல்ல ஆளில்லாமல் போயிற்று. திரும்பச் சேர்த்துக்கொண்டார்.

குளிர்காலத்துக்கு முன், உறைபனியில் கருகாதபடி, செடியை வளைத்து மண்ணுக்குள் புதைப்பதும், வசந்தத்தில் தோண்டி எடுப்பதும் ஒர்திக் அண்ணனின் வேலை. இந்த வருடம் நவ்ரூஸுக்கு உறவினர்கள் வருகிறார்கள், முற்றம் பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று சீக்கிரமே தோண்டிவிட்டார். வெயிலும் அவரை நம்பவைத்தது. பிறகு பனி விழுந்தது. செடி கருகியது. தந்தூர் அடுப்பின் சூட்டுக்கு ஒட்டிப் படுத்திருந்த ஒரே ஒரு கிளை மட்டும் பச்சையாக நின்றது.

மே மாதம் அந்தக் கிளை பூத்தது. ஆனால் அடித்தண்டு அழுகத் தொடங்கியிருந்தது.

அக்கா இந்தமுறை பதறவில்லை. தன் செடியில் தானே திருட முடியாதுதான்; ஆனால் இத்தனை வருடத்தில் தெருவில் பத்துப் பேராவது திருடியிருப்பார்கள், ஒருவரிடம் போய் நாமும் திருடிக்கொள்ளலாம் என்று வீடு வீடாக விசாரிக்கக் கிளம்பினார். ரொட்டியைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள் அத்தனை பேரும். யாரும் திருடவில்லை. அடுத்தவர் திருடியிருப்பார், ரகம் எங்கே போய்விடப்போகிறது என்று ஒவ்வொருவரும் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள்.

கடைசியாக எல்யோர் வீட்டுக்கு வந்தார்.

"ஒரு திருட்டுப்பய கூடவாடா இல்ல இந்தத் தெருவுல?"

"நல்ல தெருக்கா."

"நாசமாப்போன தெரு. நீதான் எதையும் நம்பாதவனாச்சே, நீயாவது ஒரு குச்சிய ஒடிச்சிருக்கக் கூடாதா?"

"நம்பாதவன் எதுக்குக்கா திருடணும்? நேரா கேட்டிருப்பேன்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன். செத்திருக்கும்."

இயற்பியல் படித்தவர் இப்படிப் பேசலாமா என்று எல்யோர் கேட்டார். இயற்பியல் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, இது முற்றம் என்றார் அக்கா. இப்போதே வெட்டிக் கொடுங்கள், நான் வளர்த்துக் காட்டுகிறேன் என்று எல்யோர் கையை நீட்டினார். அக்கா அந்தக் கையைப் பார்த்தார்.

"உன் கட்டுரை ஜெயிக்கிறதுக்கு என்கிட்ட இருக்கிற கடைசிக் கிளையக் கேக்குற."

(இந்த இடத்தில் நகைச்சுவை ஒன்று வைக்க எல்யோர் இருமுறை முயன்றார். இரண்டையும் அடித்துவிட்டார்.)

4

முடிவுகள்.

அ. செடி சாகிறது. இலக்கியத்தரமான முடிவு. நண்பர்கள் தோளில் தட்டுவார்கள். அக்கா இனி எல்யோரோடு பேசமாட்டார்.

ஆ. தலைநகரிலிருந்து தாவரவியல் அறிஞர் ஒருவர் ரயிலில்... எந்த அறிஞர், எந்த ரயில்? விட்டுவிடலாம்.

இ. எழுதிக்கொண்டிருக்கும்போதே தெருவில் சத்தம். ஒர்திக் அண்ணன் காரைக் கிளப்ப, அக்கா எல்யோரின் ஜன்னலுக்கு நேராக நின்று தெருவுக்கே கேட்கும்படி அறிவிக்கிறார்: பக்கத்து ஊர் சுஸ்த்தில் கல்யாணம், வீட்டில் ஒருவரும் இருக்கமாட்டோம், கதவு வேறு சரியாகச் சாத்துவதில்லை.

"சாயங்காலம் வந்துருவோம்ல," என்கிறார் ஒர்திக் அண்ணன்.

"வாய மூடிட்டு வண்டிய ஓட்டுங்க."

எல்யோர் பேனாவை வைத்துவிட்டு, பிறகு

5

(மேலே உள்ள வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. கை மண்ணாக இருந்தது.)

6

எல்யோர் வீட்டு முற்றத்தில், திராட்சைப் பந்தலின் நிழலில் மூன்று தொட்டிகள். மூன்றிலும் ஒவ்வொரு குச்சி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடிச் சாடி. இவை எப்படி வந்தன என்பது கதைக்கு அவசியமில்லை.

அக்காவின் செடி ஜூன் முடிவதற்குள் போய்விட்டது. எல்யோர் தினமும் தண்ணீர் ஊற்றினார், சாடியைத் துடைத்தார், தேர்வுக்குப் படிக்கவில்லை. ஒரு குச்சி கறுத்தது. மற்ற இரண்டும் நாளுக்கு நாள் குச்சியாகவே இருந்தன. அறிவியல்படி இது இயல்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அறிவியல் பதில் பேசவில்லை. பிறகொரு காலை ஒன்றில் செந்நிறத்தில் ஒரு துளிர். மறுநாள் அடுத்ததிலும். எல்யோர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலை அக்கா ரொட்டி கொண்டுவந்தார். சாடிகளைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது. பந்தலைப் பார்த்தபடி சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

"ரொம்ப மோசமான பயடா நீ."

"தெரியும்க்கா."

இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்ல எல்யோர் வாயைத் திறந்தார். திறந்த வாயில் ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டார்.

7

கட்டுரையின் தரப்பில் எல்யோர் இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறார். வேருக்குச் சொத்துரிமை தெரியாது. ஆனால் இருப்பது இரண்டே செடி. பரிசோதனைக்கு இது நேரமில்லை.

ஒரு தொட்டியைத் தூக்கி வாசலோரம் வைத்தார். தாழ்ப்பாளை நீக்கினார். தேநீர் கொண்டுவருவதாக அக்காவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். கெட்டிலை அடுப்பில் வைத்தார், அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

வாசகரே, முற்றத்தில் இப்போது அக்காவைத் தவிர நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள். தயவுசெய்து கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.