போனுக்குள் கட்டிய கணக்குப் பொறி

கோயில் வளைவில்தான் சிக்னல் கிடைக்கும். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், மேல் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் அது தெரியும். கொழும்பிலும் வெளிநாட்டிலும் பிள்ளைகள் இருப்பவர்கள் பொழுது சாய்ந்ததும் அங்கே வந்து ரோட்டோரத் திண்டில் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். லதுஷா யாரோடும் பேச அங்கே வருவதில்லை. வீடியோ இறக்க வருவாள். இறங்கி முடிகிற வரைக்கும் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நிற்பாள்.

"என்னா தங்கச்சி, கரகமா?" என்பான் த்ரீவீல் ஓட்டும் ஜீவன். "கொஞ்சம் ஆடிக் காட்டுனா நாங்களும் தட்டுல ஏதாச்சும் போடுவோம்ல."

"மொதல்ல நீங்க உடுக்கைய அடிங்கண்ணே. பெறகு ஆடுறேன்."

அவள் இறக்குவது போனில் ஆடும் ஒரு விளையாட்டின் வீடியோ. கட்டையின் மேல் கட்டை வைத்து உலகம் செய்கிற விளையாட்டு அது. மற்றவர்கள் அதில் வீடு கட்டுவார்கள், ஆடு வளர்ப்பார்கள். லதுஷா அதிலிருக்கும் சிவப்புத் தூளைப் பிடித்துக்கொண்டாள். தூளைக் கோடு போலத் தூவினால் மின்சாரக் கம்பியாகிவிடும். ஒரு முனையில் விசையைத் தட்டினால் மறுமுனையில் விளக்கு எரியும், அல்லது பிஸ்டன் ஒரு கட்டையை முன்னால் தள்ளும். இரண்டு விசையையும் தட்டினால்தான் எரிய வேண்டும், ஒன்றைத் தட்டினாலே போதும், இரண்டையும் தட்டினால் அணைந்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு விதியாகக் கட்டி, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போனால், கடைசியில் அது கணக்குக் கூட்டும்.

கூட்ட வேண்டிய கட்டாயம் அவளுக்கு இருந்தது. பதுளையில் ஒரு பயிற்சி நிலையம் இலவசமாகக் கணினி படிக்கப் பிள்ளைகளை எடுத்தது. கணிதம் படித்திருக்கத் தேவையில்லை. இந்த விளையாட்டில் இரண்டு எண்களைக் கூட்டும் பொறியொன்றைக் கட்டிக் காட்டினால் போதும் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த ஹம்ஸியாதான் அந்தச் செய்தியைச் சொன்னாள். அவளும் விண்ணப்பித்திருந்தாள்.

இன்னொரு பக்கம் அம்மாவின் முழங்கால். இராக்கம்மா கொழுந்து பறிக்க மலையேறும்போது இப்போதெல்லாம் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டுதான் காலை எடுத்து வைக்கிறாள். லயத்து வீடு வேலைக்குப் போகிற ஆளோடு ஒட்டியிருப்பது. அம்மா வேலையை விட்டு நின்றால், வீடு தங்க மகள் பெயர் பதிய வேண்டும். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கேட்டும் விட்டார்.

"இந்தப் பதுளை விசயம் முடியட்டுங்க ஐயா," என்று அவரிடம் சொல்லியிருந்தாள் இராக்கம்மா. "கெடைக்கலேன்னா திங்கக்கெழம காலையில பெரட்டுக்கு வந்து வேலைக்கு நிப்பா." வீட்டுக்கு வந்து மகளிடம் வேறு மாதிரிச் சொன்னாள். "கெடைச்சிருச்சுன்னா ஒன் படிப்பு முடியிற வரைக்கும் நான் காலை இழுத்துக்கிட்டாவது ஏறிருவேன். நீ அத மட்டும் பாரு."

லதுஷா அதை மட்டும்தான் பார்த்தாள். வீடியோவில் வெள்ளைக்காரப் பையன் ஒருவன் கணக்குப் பொறி கட்டினான். அவன் பேசும் வேகத்துக்கு அவளுடைய இங்கிலீஷ் எட்டவில்லை. சத்தத்தை அடைத்துவிட்டு, அவன் எந்தக் கட்டையை எங்கே வைக்கிறான் என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அப்படியே வைத்தாள். அவனுடைய பொறி கூட்டியது. அவளுடையது அசையவில்லை. அவன் தூளை பிஸ்டனின் தலைக்கு மேலே, தொடாமல், ஒரு கட்டை இடம் விட்டுக் கொண்டுபோனான். பிஸ்டன் தள்ளியது. அவளும் இடம் விட்டாள். பிஸ்டன் கல் மாதிரி இருந்தது.

எங்கோ ஒரு கட்டையைத் தவறவிட்டிருக்கிறோம் என்று நினைத்தாள். இடித்துவிட்டுத் திரும்பக் கட்டினாள். திரும்பவும் இடித்தாள். மழைக்காலம் முழுக்க அப்படிப் போனது. ஹம்ஸியாவிடம் கேட்டிருக்கலாம். அவள் வாப்பாவின் போட்டோகொப்பிக் கடையில் கணினி இருந்தது. ஆனால் ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் மிச்சம் எப்படி அடுத்த வரிசைக்குப் போகிறது என்பதை ஹம்ஸியாவுக்கு விளங்கப்படுத்தியதே லதுஷாதான். சொல்லிக்கொடுத்தவள் போய், எனக்கு ஒரு பிஸ்டன்கூட அசையவில்லை என்று எப்படிச் சொல்வாள்?

கடைசியில் வீடியோவை விட்டுவிட்டு, சொந்தமாக ஒரு வழி செய்தாள். ஒவ்வொரு தூள் கோட்டையும் கீழே இறக்கி பிஸ்டனைத் தொட வைத்தாள். இடம் நெருக்கமானது. மற்றக் கோடுகளை பிஸ்டன்களுக்கு மேலாக நெருக்கி நெருக்கி ஓட்டினாள். பார்க்க அழகில்லை. ஆனால் மூன்றும் ஐந்தும் எட்டு என்றது. விளக்குகள் எரிந்த அன்று இராக்கம்மா ரொட்டி சுடுவதை அப்படியே விட்டுவிட்டு வந்து பார்த்தாள். ரொட்டி கருகிவிட்டது. இருவரும் அதையே தின்றார்கள்.

பதுளைக்குப் போன காலையில் ஜீவன் பஸ் ஏறும் இடம் வரை கொண்டுவிட்டான். "ஒன் மிசினு கூட்டுமா, கழிக்குமா?" என்று கேட்டான். "கழிச்சா கணக்கப்பிள்ளைய மொதல்ல கழிச்சு விடு."

நிலையத்தில் போனில் காட்ட விடவில்லை. ஒவ்வொருவரையும் ஒரு கணினி முன் உட்கார்த்தி, கண் முன்னே கட்டச் சொன்னார்கள். மவுஸ் புதிது. ஆனாலும் அவள் கைக்கு ஒவ்வொரு கட்டையும் மனப்பாடம். நேரத்துக்குள் கட்டி முடித்தாள். விசையைத் தட்டினாள்.

தள்ள வேண்டிய பிஸ்டன் தள்ளியது. தள்ளக் கூடாதவையும் தள்ளின. இரண்டும் ஒன்றும் என்று போட்டதற்கு எல்லா விளக்குகளும் எரிந்தன. ஒன்றுமே போடாதபோதும் இரண்டு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பக்கத்து மேசையில் ஹம்ஸியாவின் பொறி ஒழுங்காகக் கூட்டியது.

மேற்பார்வைக்கு நின்ற ரிஸ்கா மிஸ் குனிந்து பார்த்தார். "ஏன் இப்படி எரியுது?"

"தெரியல மிஸ்," என்றாள் லதுஷா. அது உண்மை.

லதுஷா வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தபோது ஹம்ஸியா வந்து பக்கத்தில் அமர்ந்தாள்.

"நீ ஏன்டி லைனெல்லாம் பிஸ்டனுக்கு மேலால நெருக்கமா விட்ட? தொடாட்டியும் அது தள்ளும்தானே. வீடியோல அப்படித்தானே காட்டுறான்."

"எனக்குத் தள்ளவே இல்லியே."

"எதுல?"

"போன்ல."

ஹம்ஸியா தன் போனில் அந்த வீடியோவைத் திறந்தாள். படத்துக்குக் கீழே எழுத்து இருந்தது. கோயில் வளைவில் வீடியோ மட்டும்தான் இறங்கும். கீழே உள்ள எழுத்து இறங்காது. லதுஷா அதை இன்றுதான் பார்க்கிறாள். பேச்சு வேகம்தான் அவளுக்கு எட்டாது. எழுத்தைக் கூட்டிப் படித்துவிடுவாள். இந்தப் பொறி கணினியில் ஓடும் விளையாட்டுக்கு மட்டும். போனில் பிஸ்டன் வேறு விதமாக நடக்கும், மேலே போகும் கோட்டுக்கு அது அசையாது என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே யார் யாரோ நன்றி சொல்லியிருந்தார்கள்.

மழைக்காலம் முழுக்க இடித்ததெல்லாம் சரியாகக் கட்டியவை.

லதுஷா எழுந்து உள்ளே போனாள். ரிஸ்கா மிஸ் பொறுமையாகக் கேட்டார். அவளுடைய போனை வாங்கி, விசைகளைத் தட்டி, நாலும் மூணும் ஏழு என்று வந்ததைத் தானே பார்த்தார்.

"வெளங்குது தங்கச்சி. நீங்கதான் கட்டினீங்கன்னும் நம்புறேன். ஆனா மார்க்ஸ் போட்டு கொழும்புக்கு அனுப்பியாச்சு. என் கையில ஒண்டும் இல்ல." போனைத் திருப்பிக் கொடுத்தார். "அடுத்த வருசமும் எடுப்பாங்க. கட்டாயம் வாங்க."

"சரிங்க மிஸ்," என்றாள். போனைப் பைக்குள் போட்டாள்.

பஸ் மலையேறும்போது மூட்டம் இறங்கியிருந்தது. கோயில் வளைவில் ஜீவன் த்ரீவீலில் சாய்ந்து நின்றான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தான்.

இராக்கம்மா முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வாசலில் இருந்தாள்.

"என்னாச்சு?"

"அங்க ஓடலம்மா."

"எங்க, காட்டு."

லதுஷா போனைத் திறந்து விசைகளைத் தட்டினாள். மூன்று. ஐந்து. விளக்கு வரிசை எட்டு என்று காட்டியது.

"எரியுதே புள்ள?"

"இங்க எரியும்."

"அப்ப இத அவங்ககிட்ட காட்டியிருக்கலாம்ல?"

"காட்டுனேன்."

இராக்கம்மா இன்னும் கொஞ்ச நேரம் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போனாள். கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் சுற்றிக்கட்டும் படங்கை ஆணியிலிருந்து எடுத்துவந்து, மகளின் இடுப்பில் வைத்துப் பார்த்தாள்.

"ஒனக்கு நீளம் கூட," என்றாள். "மேல மடிச்சுக் கட்டிக்க."