நாக்கு ஒன்றும் சொல்லவில்லை

தெருவில் அவளுக்கு என்கொயரி அம்மா என்று பேர். பேருந்து நிலையத்து விசாரணைக் கவுண்டரில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து பதில் சொன்னவள். எந்த வண்டி எத்தனை மணிக்கு, எந்த மேடையில் நிற்கும், கடைசி வண்டி போய்விட்டதா, கழிப்பறை எந்தப் பக்கம் என்று ஊரில் ஒருத்தர் விடாமல் அவளிடம் கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த மறுநாளிலிருந்து ஒரு ஈ காக்கைகூட எதுவும் கேட்கவில்லை. கத்திக் கத்தித் தேய்ந்த தொண்டைக்கு நிரந்தர லீவு கிடைத்துவிட்டது. அது அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

பேச்சுத்துணை வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்தான். நாலு கட்டில் போட்டால் நிறைந்துவிடுகிற இடம். அதில் தக்காளி, கத்தரி, அவரைப் பந்தல், ஒரு பாத்தி கீரை. சைக்கிள் கொட்டகையின் கூரைமேல் சுரைக்கொடி. கடையில் காய் வாங்கி ஏழெட்டு வருஷம் ஆகிறது. வெயிலில் காய்த்ததை வெயிலில் தின்பாள், மழையில் முளைத்ததை மழையில் தின்பாள். கத்தரி ஓய்ந்தால் அவரை, அவரை முற்றினால் கீரை. செடிகளை வைதுகொண்டேதான் வளர்ப்பாள். குடம் குடமாகக் குடிக்கத் தெரிகிறது, காய்ப்பதற்கு மட்டும் வலிக்கிறதா என்று கத்தரிச் செடியை அவள் பிடித்து வாங்குவது பக்கத்து வீட்டு மாடிவரை கேட்கும்.

இதெல்லாம் யாருக்கு என்றால், ஒரே ஒரு ஆளுக்கு. மாப்பிள்ளைக்கு.

மகள் போய் மூன்று வருஷம் ஆகிறது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் படுத்தவள் பதினோராம் நாள் கண்ணை மூடிவிட்டாள். குழந்தை குட்டி இல்லை. மகள் இருந்தால்தானே மாப்பிள்ளை? அவள் போனபிறகு அந்த மனிதர் இந்த வீட்டுக்கு என்ன முறை, எந்த உரிமையில் படியேறி வருவார் என்று இவளுக்கே தெரியவில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு மாடிக்கு லிஃப்டை ஏற்றி இறக்கிவிடுவார். நாலு வார்த்தையை வாய்வரை ஏற்றிக் கொண்டுவர மட்டும் அவருக்கு வராது.

மகள் எப்போதோ எடுத்துப் போயிருந்த டிபன் கேரியரைத் திருப்பிக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். இவள் உட்காரவைத்துச் சோறு போட்டாள். கிளம்பும்போது அதே கேரியரில் கத்தரிக்காய் வதக்கலை நிரப்பிக் கையில் கொடுத்தாள். அடுத்த ஞாயிறு கேரியரைத் தர வந்தார். மறுபடி நிரப்பினாள். இப்படி ஒரு பாத்திரத்தின் காதைப் பிடித்துக்கொண்டே உறவு ஓடியது. ஒரு வருஷத்தில் கேரியர் இல்லாமலே வரப் பழகிவிட்டார். பன்னிரண்டரைக்கு வருவார். குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவார். ‘நல்லா இருக்கு அத்தை’ என்பார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக மீதி ஆறு நாளையும் அவள் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு சளிக்காய்ச்சல் வந்தது. ஐந்து நாளில் காய்ச்சல் போய்விட்டது. போகிற போக்கில் மூக்கையும் நாக்கையும் வாரிக்கொண்டு போய்விட்டது. முதலில் காப்பிப்பொடிக்காரனைத் திட்டினாள், மண்ணைத் தருகிறான் என்று. பிறகு பூண்டை நசுக்கி முகர்ந்தாள். ஒன்றுமில்லை. உப்பை அள்ளி வாயில் போட்டாள். மணல். டாக்டர் மூன்று மாதத்தில் வந்துவிடும் என்றார். எட்டு மாதம் ஆகிவிட்டது.

தனக்கென்று பார்த்தால் அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள். வயிற்றுக்கு ருசி தெரியாது, எதையோ போட்டு அடைக்கலாம். ஞாயிற்றுக்கிழமைதான் அவளைக் கிலி பிடிக்க வைத்தது. அவர் வருவது சோற்றுக்கு. அந்தச் சோறு கெட்டுப்போனால் வருவதற்கு அவருக்கு இங்கே என்ன இருக்கிறது? செத்துப்போனவளின் அம்மாவும், சுவரில் அவள் படமும். அதைப் பார்க்க எந்த மனிதன் வாராவாரம் இரண்டு பஸ் மாறி வருவான்? நாக்கு போன விஷயத்தை அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

கைப்பழக்கத்தில் சமைத்தவள் கரண்டிக் கணக்கில் இறங்கினாள். அதிலும் வம்பு வந்தது. உப்பைப் போட்டோமா, போடவில்லையா என்று சந்தேகம் தட்டினால் முன்பெல்லாம் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கினால் தீர்ந்தது. இப்போது குத்துமதிப்பாக இன்னொரு கரண்டி போடுவாள், அல்லது போடாமல் விடுவாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரை ஒரு நாள் நிறுத்தி வைத்து சூப்பைக் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு சூப்பர் என்றார். அடுத்த முறை வேண்டுமென்றே உப்பே போடாமல் கொடுத்தாள். அதற்கும் சூப்பர். அந்த ஆளுக்கு வேலைக் களைப்பில் வெந்நீர் கொடுத்தாலும் சூப்பர்தான் என்று தெரிந்துகொண்டாள். மாப்பிள்ளை மட்டும் வாராவாரம் அதே மூன்று வார்த்தையைச் சொன்னார். அவள் அதை நம்பினாள். நம்பாமல் வேறு என்ன செய்வாள்?

இந்தக் கோடையில் குழாயில் மூன்று வாரம் தண்ணீர் வரவில்லை. லாரித் தண்ணீரில் பங்கு போட்டாள். தக்காளிக்கு ஒரு வாளி, அவரைக்கு ஒரு வாளி. சுரைக்கொடிக்கு அரிசி கழுவிய தண்ணீர் மட்டும். வாடி வதங்கியும் அந்தக் கொடி ஒரு காயைத் தொங்கவிட்டது. பிஞ்சு, பளபளவென்று முழங்கை நீளம். ஞாயிறு காலை அதைப் பறித்து வந்தபோது அவளுக்கு வாயெல்லாம் பல். மாப்பிள்ளைக்கு சுரைக்காயைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தால் பிடிக்கும் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.

சுரைக்காய் வளர்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். தண்ணீர் காணாமல் காய்ந்த கொடியில் காய் சில சமயம் கசந்துவிடும். அந்தக் கசப்பு விஷம், வேகவைத்தாலும் போகாது. அதனால் நுனியில் ஒரு துண்டு வெட்டி நாக்கில் வைத்துப் பார்க்காமல் யாரும் அடுப்பில் ஏற்ற மாட்டார்கள். கெட்ட காய் என்றால் நாக்கு அலறும், நல்ல காய் என்றால் ஒன்றும் சொல்லாது. அவளும் வெட்டினாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் கை தானாக நுனியை நறுக்கி நாக்கில் வைத்தது. நாக்கு ஒன்றும் சொல்லவில்லை. சரி, நல்ல காய் என்று நறுக்கி அடுப்பில் போட்டுவிட்டாள்.

எட்டு மாதமாக எதற்குமே வாய் திறக்காத நாக்கு அது. அந்த நொடியில் அவளுக்கு அது நினைவுக்கே வரவில்லை.

பன்னிரண்டரைக்கு மாப்பிள்ளை வந்தார். சோறு, அவரைக்காய் வதக்கல், சுட்ட தக்காளியைப் பூண்டோடு மசித்தது, பாலில் வெந்த சுரைக்காய். எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். முதல் வாய் சுரைக்காயை வைத்தவர் மெல்லுவதை ஒரு கணம் நிறுத்தினார்.

“என்ன மாப்பிள்ளை?” என்றாள்.

“ஒண்ணுமில்ல அத்தை. நல்லா இருக்கு.”

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இன்னொரு கரண்டி அள்ளி அவர் தட்டில் போட்டாள். தனக்கும் போட்டுக்கொண்டாள். மகள் சொன்னதைச் சொன்னாள், தண்ணீர் லாரிக்காரனோடு போட்ட சண்டையைச் சொன்னாள். அவர் தண்ணீரைக் குடித்துக் குடித்து, தட்டில் இருந்ததையெல்லாம் தின்று முடித்தார்.

தட்டைக் கழுவும்போதே அவருக்கு வயிற்றைப் புரட்டியது. அவர் முகத்தில் வேர்வை ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே இவள் சுவரைப் பிடித்தாள், இவளுக்கும் குடல் வெளியே வருகிற மாதிரி இருந்தது. அவர் வாந்தியெடுத்த வாயோடு தெருவுக்கு ஓடி வாடகை வண்டி ஒன்றைப் பிடித்து வந்தார். வழியெல்லாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

நர்சிங் ஹோமில் அடுத்தடுத்த கட்டில். கையில் ட்ரிப்ஸ். டாக்டர் சின்னப் பெண், மகள் வயதுதான் இருக்கும். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, கேட்டதும் தலையில் கை வைத்தாள்.

“சுரைக்காய் கசந்திருக்குமே. ஒரு வாய் வெச்சதுமே துப்பியிருக்கணும். ரெண்டு பேருக்குமா நாக்கு இல்ல?”

ஆபத்து ஒன்றும் இல்லை, நாளைவரை இங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு அவள் போனாள். அப்போதுதான் என்கொயரி அம்மாவுக்கு எல்லாம் ஒரே வீச்சில் புரிந்தது. இந்த மனிதரைத் தன் கையாலேயே கொன்றிருப்பேனே என்று நினைத்தாள். உடம்பு கிடுகிடுவென்று ஆடியது. நர்ஸ் குளிர் என்று நினைத்து இன்னொரு போர்வையைப் போட்டுவிட்டுப் போனாள்.

“மாப்பிள்ளை, எனக்கு நாக்கு போச்சு” என்றாள். “மழைக்குக் காய்ச்சல் வந்துச்சே, அதுல இருந்து. வாசனையும் இல்ல, ருசியும் இல்ல. உங்ககிட்ட மறைச்சுட்டேன்.”

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். “தெரியும் அத்தை.”

“எப்படித் தெரியும்?”

“ஒரு வாரம் உப்பே இருக்காது. ஒரு வாரம் கடல் தண்ணி. ஒரு தடவை கத்தரிக்கா அடியோட கருகிடுச்சு. நீங்க பாட்டுக்கு சாப்பிட்டுட்டு இருந்தீங்க.”

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. எட்டு மாதம். முப்பத்துச் சொச்சம் ஞாயிறு. இந்த மனிதர் அத்தனையையும் விழுங்கியிருக்கிறார்.

“சொல்லியிருக்கலாமே. இன்னிக்காவது சொல்லியிருக்கலாம்ல? வேப்பங்காய் மாதிரி இருந்திருக்கும்.”

அவர் ட்ரிப்ஸ் பாட்டிலில் சொட்டு விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொன்னா நீங்க சமைக்கிறத விட்டுருவீங்க” என்றார் கடைசியில். “அப்புறம் நான் என்ன சாக்கு சொல்லி வருவேன் அத்தை? எனக்கும் வேற வீடு இல்லையே.”

அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். இதே நினைப்பைத்தான் இவளும் இந்தப் பக்கம் உட்கார்ந்து எட்டு மாதமாகச் சுமந்திருக்கிறாள். ஒரே மேஜை, ஒரே சட்டி. சேர்ந்து சாப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் தன்னந்தனியாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். அதை நினைக்கத்தான் அவளுக்குத் தாங்கவில்லை. மூக்கு ஒழுகி, போர்வையால் துடைத்துக்கொண்டாள். அவர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார். தோள் குலுங்கியது.

அழுது முடித்தபிறகு அவள் கேட்டாள்.

“இன்னிக்கு அந்த அவரைக்காய் எப்படி இருந்துச்சு?”

“நல்லா—”

“நல்லா இருக்குன்னு சொன்னீங்க, எழுந்து வந்து அடிப்பேன். உள்ளதைச் சொல்லுங்க.”

அவர் இந்தப் பக்கம் திரும்பினார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். அந்த மனிதர் தன் வாழ்நாளில் சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்.

“உப்பு கம்மி” என்றார். “கொஞ்சம் கூடுதலா வெந்துடுச்சு. ஆனா காய் பிஞ்சு அத்தை. கடிச்சா உள்ள இருக்கிற விதை நாக்குல உருளுது. லேசா இனிப்பு. பச்சை வாசனை ஒண்ணு வருது, மழை நின்னதும் செடிப்பக்கம் போனா வருமே, அது.”

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். வாயில் எச்சில் ஊறியது.

“ம்” என்றாள். “தக்காளி?”