புழுவுக்கு யார் சோறு போடுவது

…இன்று இருபத்து மூன்று புழு, நேற்று பதினேழு, அப்படியென்றால் பிடிக்கப் பிடிக்கப் பெருகுகிறதா, என்ன கூத்து இது, குப்பிக்குள் இறால் துண்டு வைத்து, மூடியில் ஓட்டை போட்டு, உறிஞ்சு குழாயைச் செருகி மீன் தொட்டி மணலில் படுக்கவைத்தால் வாசனைக்கு உள்ளே போகிற புழுவுக்கு வெளியே வரத் தெரியாது, இவ்வளவு சாமர்த்தியம் பண்ணின நான் இன்று காலை ஒன்றை வெறும் விரலால் தூக்கினேன் பாருங்கள்… பல் செட் செய்கிறவன், நாள் முழுக்க இடுக்கியும் கையுமாக இருக்கிறவன், வீட்டுக்கு வந்தால் மட்டும் புத்தி எங்கே மேயப் போகிறதோ, புழுவின் இரண்டு பக்கமும் இருக்கிற கண்ணுக்கே தெரியாத வெள்ளை முள் விரல் நுனியெல்லாம் ஏறிவிட்டது. மனைவிதான் ஒட்டுநாடாவை அழுத்தி அழுத்திப் பிடுங்கினாள், நீங்கள் புழுவைப் பிடித்தீர்களா புழு உங்களைப் பிடித்ததா என்று சிரிப்பு வேறு. விரல் வீங்கிவிட்டது, வேலைக்கு மட்டம்.

தொட்டி மகளுடையது, இரண்டு குடம் உப்புத் தண்ணீர், இரண்டு மீன், ஒரு பச்சைப் பவளம். இரண்டு மாதத்துக்கு முன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போகும்போது, "பவளம் செத்துச்சுன்னா உங்ககூடப் பேசவே மாட்டேம்ப்பா" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள், ஆனாலும் பவளம் ஒரு வாரமாகச் சுருங்கியே கிடக்கிறது… புழுதான் தின்கிறதோ? வளர்ப்பு மீன் கடைக்காரர் அதெல்லாம் இல்லை என்கிறார், புழு பாவம், மிச்சம் மீதியைத்தான் தின்னும், மிச்சம் கூடினால் புழு கூடும், தண்ணீரும் கெடும், பவளத்துக்கு அதுதான் ஆகாது. "சாப்பாடு அதிகமா விழுது சார்." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காலை ஏழு மணிக்கு, வலது மூலையில், மெழுகு நிறுக்கிற தராசில் நிறுத்து ஒரு சிட்டிகை போடுகிறவனிடமா இந்தப் பேச்சு? பிறகு புழு எதைத் தின்று கொழுக்கிறது, மணலையா?

இதோ, இரண்டு மீனும் இடது மூலைக்குப் போய்விட்டன. ஏன் அங்கே? நான் அந்தப் பக்கம் போட்டதே இல்லையே, மேலே பார்த்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, யாரையோ எதிர்பார்க்கிற மாதிரி… கடிகாரத்தைப் பார்த்தேன், பதினொன்று. சமையலறையிலிருந்து மனைவி வந்தாள். வலது கை எதையோ பொத்தி மூடியிருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள், நான் வீட்டில் இருக்கிறேன் என்பதையே மறந்துபோயிருக்கிறாள்.

"இல்ல… அவ போனதுலேர்ந்து இந்த நேரத்துல வீடே கம்முனு இருக்கு. இதுங்கதான் கிட்ட வருதுங்க. ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போவேன்."

அந்த உப்புத் தண்ணீர் நாற்றத்தைத் தூக்கி எறியுங்கள் என்று தினம் திட்டுகிறவள். போடாதே என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லத்தானே வேண்டும், பவளம் சாகிறதே… மீன்கள் என்னைத் தாண்டி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம், வேலை நாளில் பதினொரு மணிக்கு நான் வீட்டில் இருந்ததே இல்லை. அந்த நேரத்தில் இவள் என்ன பேசுவாள்? நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி வழி விட்டேன், அவள் இன்னும் கையைத் திறக்கவில்லை.