நான்காம் கைப்பிடி

அந்த பிஸ்கட் தொழிற்சாலையில் அவருக்கு இரண்டு பெயர். முகத்துக்கு நேரே 'இன்ஜினியர் சார்'. முதுகுக்குப் பின்னால் 'பாதி'. பாதி குடித்த தேநீர்க் கோப்பைகளைப் போகிற இடமெல்லாம் வைத்துவிட்டு வருவார். அதை வைத்தே சார் எந்த வழியாகப் போனார் என்று துப்புத் துலக்கிவிடலாம் என்பார்கள். பேச ஆரம்பித்தால் பேச்சு பாதியில் நிற்கும். ஒருநாள் ஒரு கன்னத்தை மட்டும் சவரம் செய்துகொண்டு வேலைக்கு வந்து நின்றார். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார். அன்று மாலை வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது மனைவிக்கு மட்டுமே தெரியும்.

அதற்குப் பிறகுதான் அவள் அவரை மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். நாற்பத்தொரு வயது மனிதருக்குக் கவனக் குறைபாடு என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வருவது இல்லையா என்று கேட்டார். பிள்ளையாக இருந்தபோதே வந்ததுதான், அப்போது அதற்குத் திமிர் என்று பெயர் வைத்திருப்பார்கள் என்றார் மருத்துவர்.

"மாத்திரை உங்கள ஒரு வேலை முன்னாடி உக்கார வைக்கும். எந்த வேலைன்னு அது சொல்லாது. அதுக்கு நீங்கதான் வழி பண்ணிக்கணும்."

வழி பண்ணிக்கொண்டார். சட்டைப்பையில் சின்ன நோட்டு, கைக்கடிகாரத்தில் ஏழெட்டு அலாரம். ஆனால் அவரை வாட்டியது தேநீரோ சவரமோ இல்லை, பூட்டு.

இயந்திரத்துக்குள் யாராவது கை வைக்கும் முன் அதன் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சின் கைப்பிடியில் பூட்டுப் போட வேண்டும். சாவி பூட்டியவர் கழுத்தில் தொங்கும். அவரே வந்து திறக்கும்வரை யார் பொத்தானை அழுத்தினாலும் அது ஓடாது. உள்ளே கை வைக்கிற ஒவ்வொருவரும் தன் பூட்டைத் தனியாகப் போட வேண்டும் என்பதுதான் விதி. விதி சுவரில் சட்டம் போட்டுத் தொங்கியது. நடைமுறையில் இன்ஜினியர் பூட்டினால் போதும் என்று ஆகியிருந்தது. ஊரார் கையெல்லாம் இவர் ஒருவருடைய ஞாபகத்தில்! பூட்டினோமா, பூட்டவில்லையா? காதில் இருப்பது நேற்றுப் பூட்டிய சத்தமா, இன்று பூட்டிய சத்தமா? இந்தக் கேள்வி தின்றுகொண்டே இருந்ததால், பூட்டியதும் செல்போனில் ஒரு படம் எடுத்து வைக்கப் பழகினார். எட்டு மாதமாகப் படம்தான் அவருக்குத் தூக்கம் தந்தது.

அன்று அவருக்கு நேர்காணல். பராமரிப்புப் பிரிவின் தலைவர் பதவி காலியாக இருந்தது.

"மாத்திரை போட்டாச்சுல்ல?" என்றாள் மனைவி, செருப்பு மாட்டும்போது. "அங்க போய் உண்மை விளம்பியா ஆகிடாதீங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. என் தம்பிகிட்டயும் வாய விட்றாதீங்க, அவன் பயந்துடுவான்."

அவள் தம்பி அதே தொழிற்சாலையில் ஃபிட்டர். இவர்தான் சேர்த்துவிட்டார். மாவு பிசையும் இயந்திரங்கள் நான்கில் நான்காவதற்குச் சங்கிலி தேய்ந்திருந்தது, அதை மாற்றும் வேலை அன்று அவனுக்கு. பின்பக்கத்து மூடியைக் கழற்றி, தோள்வரை கையை உள்ளே விட்டுச் செய்ய வேண்டிய வேலை. முன்னால் பொத்தான் பக்கம் நிற்பவருக்குப் பின்னால் ஆள் இருப்பது தெரியாது.

சுவிட்சுகள் சுவருக்கு அந்தப் புறம், மாடிப்படி அடியில் ஒரு தனி அறையில். ஒரே மாதிரி நான்கு சாம்பல் நிறப் பெட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கை அகலத்தில் ஓர் எண். அவர் அறைக்குள் நுழைந்தபோது செல்போன் அடித்தது. மேலாளரின் உதவியாளர். நேர்காணல் பதினோரு மணிக்கு இல்லையாம், இப்போதேயாம்.

"இதோ வந்துட்டேன்" என்றார் கழுத்தில் போனை இடுக்கிக்கொண்டு. கைப்பிடியை இறக்கினார், பூட்டை மாட்டினார், கிளிக். போனை எடுத்துப் படமும் எடுத்தார். வெளியே வந்து, பக்கத்திலிருந்த கூடத்துக் கதவின் கண்ணாடி வழியாக மச்சினனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

"பூட்டியாச்சுடா, ஆரம்பி!"

அவனும் சிரித்துக்கொண்டு கட்டைவிரலைக் காட்டினான்.

மேலே கூட்ட அறை வாசலில் ஒரு தட்டு. உள்ளே போகிறவர்கள் செல்போனை அதில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது மேலாளரின் கட்டளை. வைத்தார். உள்ளே மேலாளரும் மனிதவளப் பிரிவு அம்மாவும் இருந்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் பெரிய கண்ணாடி, கீழே பிசையும் கூடம் முழுக்கத் தெரியும்.

முதல் பத்து நிமிடம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு அந்த அம்மா பேனாவைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"உங்ககிட்ட இருக்கிற குறைன்னு எதச் சொல்வீங்க?"

மனைவியின் குரல் காதில் கேட்டது. "ஒரு வேலைய எடுத்தா ரொம்ப மெனக்கெடுவேன் மேடம்" என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னார். சொல்லிவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணாடி வழியே கீழே பார்த்தார்.

மூன்றாம் இயந்திரத்து ஆபரேட்டர் பச்சைப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தான். ஓடவில்லை. மறுபடி அழுத்தினான். இடுப்பில் கை வைத்துப் பார்த்தான். அவரும் பார்த்தார். மூன்றுக்கு என்ன கேடு, நேற்றுவரை நன்றாக ஓடியதே என்றுதான் முதலில் நினைத்தார்.

"சார், உங்களத்தான். ஆளுங்கள எப்படி வேலை வாங்குவீங்க?" என்றார் மேலாளர்.

"அது வந்து சார்... ஆளுங்கள..."

ஆபரேட்டர் மாவு வண்டியைப் பிடித்தான். மூன்றிலிருந்து நகர்த்தி, நான்கை நோக்கித் தள்ள ஆரம்பித்தான்.

மூன்று ஓடவில்லை என்றால், தான் போட்ட பூட்டு எதில் கிடக்கிறது? பூட்டினேன். கிளிக் கேட்டது. படம் இருக்கிறது. படம் இருக்கும்போது என்ன பயம்? நாற்காலியிலிருந்து தாமாகவே எழுந்துவிட்டார். மேலாளர் ஏதோ கேட்டது காதில் விழவில்லை. வாசலுக்குப் போய்த் தட்டில் கிடந்த போனைத் திறந்தார். விரல் இரண்டுமுறை தவறியது. படம் வந்தது. பூட்டு, தெளிவாக. பூட்டோடு தொங்கும், அவர் புகைப்படம் ஒட்டிய சிவப்பு அட்டை, தெளிவாக. மேல் மூலையில், பாதி வெட்டுப்பட்டு, மூன்று.

எட்டு மாதமாக எடுத்த படங்களில் இது ஒன்றுதான் அவரைக் காட்டிக்கொடுத்தது. எடுக்கும்போது அதைப் பார்க்கத்தான் அவருக்குக் கண் இல்லாமல் போயிற்று.

ஓடினார். படிகளில் எத்தனையை மிதித்தார், எத்தனையைத் தாண்டினார் என்று தெரியாது. ஒரு வண்டியைத் தள்ளி நிறுத்த எவ்வளவு நேரம் ஆகும்? மாவைக் கொட்ட? கொட்டிவிட்டுப் பொத்தானை அழுத்த? மச்சினனின் வலது கை. அவன் அக்காவின் முகம். கூடத்துக்குள் ஓடினால் மற்ற இயந்திரங்களைச் சுற்றிக்கொண்டு நான்கிடம் போக வேண்டும், கத்தினாலும் கேட்குமோ கேட்காதோ. சுவிட்ச் அறை படியடியிலேயே இருக்கிறது.

உள்ளே நான்கு பெட்டிகள். நான்கும் ஒன்றுபோல. கை தானாக ஒன்றின் மேல் போய் விழுந்தது, அவர் அதைப் பிடித்து நிறுத்தினார். இந்தக் கையை நம்பக் கூடாது. இந்தத் தலையையும் நம்பக் கூடாது. பிள்ளை அரிச்சுவடி படிப்பதுபோல விரலை வைத்து வாய்விட்டுப் படித்தார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. நாலு!"

கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இறக்கினார்.

அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. அதுதான் பயங்கரம். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன ஆயிற்று? சரியான நேரத்துக்கு இறக்கினோமா, நேரம் கடந்து இறக்கினோமா? ஐந்தடி நடந்து கதவைத் திறந்தால் தெரிந்துவிடும். அவரால் நடக்க முடியவில்லை. திறக்காதவரை அவன் கை அவனோடு இருக்கிறது என்று முட்டாள்தனமாக ஒரு நினைப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கதவைத் தள்ளினார்.

"இதுவும் செத்துப்போச்சா!" ஆபரேட்டர் பச்சைப் பொத்தானைக் குத்திக்கொண்டிருந்தான். "இன்னிக்கு யார் மூஞ்சில முழிச்சேனோ!"

இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து மச்சினன் தலையை நீட்டினான். இரண்டு கையும் முழங்கைவரை கறுப்பு மசகு. அவர் இரண்டையும் எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"என்ன மாமா, நேர்காணல் அதுக்குள்ள முடிஞ்சுடுச்சா? ஏன் இப்படி வேர்த்திருக்கு?"

ஆபரேட்டருக்கு அப்போதுதான் பின்னால் ஆள் இருந்தது தெரிந்தது. அவன் விரல் பொத்தானிலிருந்து சுட்டாற்போல விலகியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மேலாளரும் பின்னாலேயே இறங்கி வந்திருந்தார். மூன்றில் ஏதோ பழுது, அதைப் பார்க்க ஓடி வந்தேன் என்று சொல்லியிருந்தால் மேலாளர் நம்பியிருப்பார். படத்தை அழிக்க ஒரு விரல் போதும். இவர் போனை நீட்டினார்.

"நாலுக்குப் போட வேண்டிய பூட்ட மூணுல போட்டுட்டேன் சார்."

மேலாளர் படத்தைப் பார்த்தார். "இத எதுக்குப் படம் எடுத்து வெச்சிருக்கீங்க?"

சொன்னார். மருத்துவர், மாத்திரை, எட்டு மாதம், எல்லாவற்றையும். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பேச்சை முழுசாக முடித்தார்.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா இன்னிக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டிருப்பீங்களா சார்?"

மேலாளர் போனை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார். "நடந்தத எழுதி எடுத்துட்டு நாளைக்கு வாங்க. மத்தத அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினார்.

மச்சினன் சுவரோரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான்.

"உன்கிட்டயாவது சொல்லியிருக்கணும்டா. உங்க அக்காதான் வேண்டாம்னா."

"எனக்குத் தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"டாக்டர்கிட்ட போயிட்டு வந்த அன்னிக்கே அக்கா போன் பண்ணி ஓன்னு அழுதா. உங்ககிட்ட காட்டிக்கக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டா."

"தெரிஞ்சுமாடா கைய உள்ள விட்ட?"

அவன் கேள்வியே புரியாதவன்போல அவரைப் பார்த்தான்.

"நீங்கதான் பூட்டியாச்சுன்னு சொன்னீங்களே."

அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை, முகத்தைப் பொத்திக்கொண்டார்.

சங்கிலி பாதியில் நின்றது, வேலையை முடித்தாக வேண்டும். இருவரும் சுவிட்ச் அறைக்குப் போனார்கள். அவர் மூன்றிலிருந்து பூட்டைக் கழற்றி நான்கில் மாட்டி, எண்ணை உரக்கப் படித்தார். சாவியைக் கழுத்திலிருந்து கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

மச்சினன் அப்போதும் நகரவில்லை. குனிந்து, மசகு படிந்த விரலை எண்ணின் மேல் வைத்துத் தானும் படித்தான். பூட்டை இழுத்துப் பார்த்தான். பிறகு கூடத்துக் கதவைத் திறந்து ஆபரேட்டரிடம் கத்தினான்.

"அண்ணே, நாலோட பொத்தான ஒரு தடவ அழுத்திப் பாருங்க! ஓடலன்னு நீங்க சொன்னாதான் நான் கை வைப்பேன்."

இனி அவர் வார்த்தையை மட்டும் நம்பி அவன் எதிலும் கை வைக்கப் போவதில்லை. அதுதான் சரி என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் வலித்தது.