கதவில்லாத அறுபது காட்சிகள்

1.

இந்தக் கதை முதலில் ஒரு விண்ணப்பமாக இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. ‘மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்’ என்று தொடங்கி, பொருள் என்று ஒரு வரி போட்டு, கீழே எண்ணிட்டு ஏழு காரணங்கள். கோபத்தைக்கூட எண் போட்டு எழுதினால் படிக்கிறவர் பாதியில் எழுந்து போகமாட்டார் என்று பள்ளியில் எங்கள் ஆசிரியை சொல்லிக்கொடுத்திருந்தார். அன்றிலிருந்து குடும்பத்தில் யாருக்கு எந்த அலுவலகத்தோடு தகராறு என்றாலும் கடிதம் என் தலையில்தான் விழும்.

இந்த முறை என் அக்காவுக்கு. அவள் அனிமேஷன் என்கிற அசைபடம் வரைகிறவள். அவளும் அவளைப் போன்றவர்களும் பதினைந்து வருடமாக எந்த மென்பொருளில் வரைந்தார்களோ, அதை நிறுத்தப்போவதாக அதைச் செய்த நிறுவனம் அறிவித்துவிட்டது. நாற்பது நாள் தவணை. அதற்குப் பிறகு அதில் வரைந்த கோப்பு எதுவும் திறக்காது.

ஆறு காரணங்கள் ஒழுங்காக வந்தன. ஏழாவதை எழுத உட்கார்ந்தபோது குடை பிடித்த ஒரு மனிதன் தாளில் நடக்கத் தொடங்கிவிட்டான். விண்ணப்பத்தில் ஆட்கள் நடக்கக் கூடாது. அவனைத் தனித்தாளுக்கு மாற்றிவிட்டு ஏழாவதையும் எழுதி முடித்தேன்.

2. தொடக்கங்கள்

(அ) ‘அறிவிப்பு வந்த காலையில் அக்காவின் அலுவலகத்தில் ஒருவரும் வரையவில்லை.’ நல்ல வாக்கியம். ஆனால் அன்று நான் அங்கே இல்லை.

(ஆ) ‘தொழில்நுட்பம் மனிதனைக் கைவிடும்போது மனிதன்’ [இது மேடைப் பேச்சு. கைதட்டல் வருவதற்குள் இறங்கிவிடுகிறேன்.]

(இ) ‘குடைக்காரன் ஒன்பது வருடமாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.’

இதையே வைத்துக்கொள்கிறேன்.

3.

குடைக்காரன் அக்காவின் சொந்தப் படம். அலுவலகத்தில் அவளுக்குச் சோறு போடுவது, குழந்தைகளுக்கு எண்ணிக்கை சொல்லித்தரும் ஒரு கோழி. கோழி வேலை முடிந்த பிறகு மீதமிருக்கும் நேரமெல்லாம் குடைக்காரனுக்கு. அவன் பேருந்திலிருந்து இறங்குகிறான், பாலத்தைக் கடக்கிறான், மழையில் நிற்கிறான், யாருமில்லாத கடைத்தெருவில் நடக்கிறான். வினாடிக்குப் பன்னிரண்டு படம் வீதம் அறுபது காட்சிகள் முடிந்துவிட்டன. அறுபத்தொன்றாவது காட்சியில் அவன் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அங்கேதான் மூன்று வருடமாக நிற்கிறாள் அக்கா.

கேட்டால், “இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு” என்பாள்.*

* இந்த ‘கொஞ்சம்’ என்ற சொல்லுக்கு அக்காவின் அகராதியில் அளவு கிடையாது. தன் கல்யாணத்தன்றும் அலங்காரம் முடிய இதையேதான் சொன்னாள். மாப்பிள்ளை பொறுமைசாலி.

அவர்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு நடையை வரையுமுன் எழுந்து தாங்களே நடந்து பார்ப்பார்கள். மாலை வெயில் திரைச்சீலை வழியாக மஞ்சள் தண்ணீர்போல் இறங்கும் அலுவலக அறையில், இல்லாத குடையைப் பிடித்துக்கொண்டு அக்கா சுவர்வரை போய்த் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். குதிகால் முதலில், பிறகு பாதம். அப்போது அவளைக் கூப்பிட்டால் காதில் விழாது. நனைந்துகொண்டிருப்பாள்.

4.

அறிவிப்பு வந்ததும் இணையத்தில் அவர்கள் கூடிப் பேசும் இடத்தில் ஒரே அழுகையும் வசையுமாக இருந்ததாம். ஒருவர் இரங்கற்பா எழுதினார். நூற்றிருபது மாணவர்களைப் பாதிப் பாடத்தில் வைத்திருக்கும் ஆசிரியர் ஒருவர், நாளை வகுப்பில் என்ன சொல்ல என்று மட்டும் கேட்டிருந்தார். வேறு மென்பொருள்கள் இருக்கின்றனவே என்று புத்தி சொன்ன ஒருவரை எல்லோரும் சேர்ந்து பிய்த்துப் போட்டார்கள்.

அக்காவோடு வேலை செய்கிறவர், படங்களுக்கு நிறம் தீட்டுகிறவர், எல்லோருக்கும் ‘சாயம் அண்ணன்’. அவர்தான் நிதானமாக வழி சொன்னார். ஒவ்வொரு காட்சியையும் வீடியோவாக மாற்றி வெளியே எடுத்துவிடலாம். ஆனால் வீடியோவாகிவிட்டால் அது வெந்த முட்டை. பிறகு எதையும் திருத்த முடியாது. நாற்பது நாளுக்குள் வாசல் காட்சியை வரைந்தால் குடைக்காரனுக்கு வீடு உண்டு. இல்லையென்றால் ஒன்பது வருட உழைப்பு தெருவோடு போகும்.

(அக்கா கதாபாத்திரத்தின் மேல் எனக்கு இங்கே ஒரு சந்தேகம். சோம்பேறி என்று நினைத்துவிடுவீர்களோ? இல்லை. வாசலில் அவன் கதவைத் தட்டுவானா, திரும்பிப் போவானா என்று அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. தெரியாததை வரையமாட்டாள்.)

5.

முப்பத்தொன்றாம் நாள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தட்டுவான். வலது கை எழுந்து, விரல்கள் மடங்கி, காற்றில் ஒரு நொடி தயங்கி, தட்டும். காலையிலிருந்து ஒரே மூச்சில் வரைந்து, சேமித்து, மூடிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

இங்கே தொழில் சங்கதி ஒன்று சொல்ல வேண்டும். குடைக்காரனை அவள் ஒரே ஒருமுறைதான் வரைந்து வைத்திருக்கிறாள். அந்த மூல உருவம்தான் எல்லாக் காட்சிகளிலும் நடக்கிறது. மூலத்தில் மூக்கைத் திருத்தினால் அறுபது காட்சியிலும் மூக்கு மாறும். அதனால் ஒரு காட்சிக்கு மட்டும் மாற்றம் வேண்டுமென்றால் முதலில் நகல் எடுக்க வேண்டும். அந்தத் தொழிலில் நேற்றுச் சேர்ந்தவருக்கும் தெரிந்த பாடம்.

அக்கா நகல் எடுக்கவில்லை.

அன்று விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க நான் போயிருந்தேன். அக்கா சாப்பிட்டுத் திரும்பும்போது சாயம் அண்ணன் காட்சிகளை வீடியோவாக மாற்றிக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பாமலே சொன்னார்:

“ஏம்மா, உன் ஆளு எல்லா இடத்துலயும் கையத் தூக்குறானே, யாரைக் கூப்பிடுறான்?”

மூன்று பேரும் பார்த்தோம். பேருந்திலிருந்து இறங்கி, எதிரே இருந்த வெளிச்சத்தைத் தட்டினான். பாலத்தின் நடுவில் நின்று ஆற்றின் மேலிருந்த காற்றைத் தட்டினான். மழைக் காட்சியில் குடை ஒரு கையில் இருக்க, மறு கையால் மழையைத் தட்டினான். பிறகு, உள்ளே யாரோ வருகிறார்கள் என்பதுபோலக் காத்திருந்தான். கதவில்லாத அறுபது காட்சிகளிலும் அவன் தட்டிக்கொண்டே வந்தான். கடைசியில் உண்மையான கதவு வந்தபோது அது ஒரு பெரிய விஷயமாகவே தோன்றவில்லை. அறையில் வெயில் மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருந்தது. நான் தூங்கிவிட்டேனோ என்று என் கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டேன்.

நேற்றைய பிரதி பத்திரமாக இருக்கிறது, பழையபடி ஆக்கிவிடலாம் என்றார் அண்ணன்.

“இருங்கண்ணே” என்றாள் அக்கா.

6. முடிவு, முதல் முயற்சி

‘அக்கா அந்தத் தவற்றை அப்படியே வைத்துக்கொண்டு படத்தை வெளியிட்டாள்.’ அழகான முடிவு. மீதம் ஒன்பது நாள் இருந்தது, வெளியிட்டும் இருப்பாள். ஆனால்

7.

மறுநாள் நிறுவனத்திடமிருந்து இன்னொரு அறிவிப்பு வந்தது. உங்கள் குரல் எங்களுக்குக் கேட்டது, மென்பொருளை நிறுத்தவில்லை, புதிதாக எதுவும் சேர்க்கமாட்டோம், ஆனால் இருப்பது இருக்கும், காலவரையறை கிடையாது.

என் ஏழு காரணங்கள் உறையிலேயே கிடந்தன. கடிதம் போய்ச் சேராமலே கோரிக்கை நிறைவேறியது என் அனுபவத்தில் இதுதான் முதல் தடவை. சாயம் அண்ணன் இனிப்பு வாங்கிவந்தார். மாலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். மடியில் கணினியோடு வாசல் காட்சியைத் திறந்து வைத்திருந்தாள். தட்டும் கையை அழித்திருந்தாள்.

“அவசரத்துல வரைஞ்சது. விரல் சரியில்ல. இன்னும் கொஞ்சம் பாக்கலாம்” என்றாள்.

அந்தக் ‘கொஞ்சம்’ காதில் விழுந்ததும் எழுந்து செருப்பைத் தேடினேன்.

8. முடிவு, இரண்டாம் முயற்சி

‘வருடங்கள் உருண்டோடின. குடைக்காரன் இன்னும்’ [வேண்டாம். உடன்பிறந்தவளை இப்படி முடிக்க எனக்கு மனசு வராது.]

9.

நேற்று அக்கா வந்தாள். நான் இந்தக் கதையின் ஐந்தாம் பகுதியைத் திருத்திக்கொண்டிருந்தேன். தோளுக்கு மேல் எட்டிப் படித்துவிட்டு, “நகல் எடுக்காததை இப்படி ஊருக்கெல்லாம் சொல்லணுமாடி?” என்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அந்த நாப்பது நாள் நான் நல்லா இருந்தேன். உனக்குத் தெரிஞ்சுதா?”

தெரிந்தது என்றேன்.

“அந்தக் கம்பெனிக்கு ஒரு லெட்டர் எழுது. மத்தவங்களுக்கு எல்லாம் இருக்கட்டும். எனக்கு மட்டும் ஒரு கடைசித் தேதி குடுக்கச் சொல்லு.”

“அவங்க என்ன பைத்தியமா? தேதிதானே, நீயே போட்டுக்கோ.”

“நான் போட்டா நானே தள்ளிப் போட்டுருவேன்.”

“அப்ப நான் போடறேன்.”

“நீ போட்டா உன்கிட்ட கெஞ்சுவேன். நீ குடுத்துருவ. சின்ன வயசுலேருந்து அப்படித்தான்.”

உண்மைதான். எழுதும்போதும் அப்படித்தான்: தட்டும் கையை அவள் அழித்ததை இந்தக் கதையிலிருந்தே நீக்கிவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். ஆகவே முடிவு எழுத எனக்குத் தகுதி இல்லை.

கம்பெனிக்கு எழுதப்போவதில்லை. அவர்கள் சொன்ன தேதியை அவர்களே காப்பாற்றவில்லை.

இதைப் படிக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். உங்களை அக்காவுக்குத் தெரியாது. உங்கள் வீடு எங்கே என்று அவளுக்குத் தெரியாது, வந்து கெஞ்ச முடியாது. கை இருக்கலாமா, கூடாதா, அறுபது இடத்திலுமா, ஒரே இடத்திலா என்பதையெல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். கீழே ஒரு தேதி எழுதுங்கள். ரொம்பத் தள்ளியும் வேண்டாம், நாளைக்கே என்றும் வேண்டாம். எழுதிய பிறகு இரக்கப்பட்டு மாற்றாதீர்கள்.

ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். இல்லையென்றால் அடுத்த வருடத்து அதே நாள் என்று வாதாடுவாள்.

நாள்: