நாற்பது கோழி எடை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு மைக்ராஸ்கோப்புக் குழாய்க்குள் கிடைத்தது. நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் என் பரிசோதனைச் சீட்டுக்காகக் காத்திருந்தேன். அங்கே வேலை பார்க்கும் பெண், "சும்மா வந்து பாருங்க" என்று கூப்பிட்டுக் காட்டினாள். ரோஜா நிறத்தில் சின்னச் சின்னக் குச்சிகளாகக் கிருமிகள். ஓர் அரிசிமணி நீளத்துக்கு வரிசையாக நிறுத்த மூவாயிரம் வேண்டுமாம். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே— இல்லை, தூக்கம் வந்தது. பொய் வேண்டாம். சோற்றில் வைக்கும்போதுதான் கை கொஞ்சம் தயங்கியது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கண்ணுக்குத் தெரியாத எதிரிகள் பொன்னாத்தாளின் உடம்புக்குள்—"

அடித்துவிட்டேன். எதிரி என்றால் பகை வேண்டும். அந்தக் குச்சிகளுக்கு யார்மீதும் பகையில்லை. நம் குடலில் சிவனே என்று கிடப்பவைதான். வழிதவறிச் சிறுநீரகம் ஏறினால்தான் வம்பு.

இரண்டாவது தொடக்கம்: "பொன்னாத்தாளுக்கு மூன்று நாளாகக் குளிர்காய்ச்சல்." இது போதும். ஐம்பத்திரண்டு வயது. நாமகிரிப்பேட்டைப் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை. விலாவுக்குக் கீழே முதுகில் தாங்க முடியாத வலி, சிறுநீரில் சீழ். ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று டாக்டர், "முன்னால ஏதாவது மருந்து எடுத்தீங்களா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லைங்க" என்றாள். அதை நம்பி ஊசி மருந்தைத் தொடங்கினார். இரண்டு நாளாகியும் காய்ச்சல் நூற்று மூன்றிலேயே நின்றது. இரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியது.

3

இனிக் கதை லேபுக்காரி அன்புச்செல்வியோடு போகட்டும்.

முதல் நாளே அவள் பொன்னாத்தாளின் சிறுநீரில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் தடவிச் சாயம் போட்டிருந்தாள். ஊதாச் சாயம், பிறகு அயோடின், பிறகு ஸ்பிரிட்டில் ஓர் அலசல், கடைசியில் சிவப்பு. தடித்த சுவருள்ள கிருமி ஊதாவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய சுவர்க்காரி அதை நழுவவிட்டுச் சிவப்பை உடுத்திக்கொள்வாள்.* பதினோரு வருடமாகச் செய்தும் அன்புச்செல்விக்கு இது மாயமாகத்தான் இருக்கிறது.

[* மெல்லிய சுவர்தானே என்று எண்ணிவிடாதீர்கள். அதற்கு வெளியே இன்னோர் உறை உண்டு. பல மருந்துகள் அந்த வாசலிலேயே திரும்பிவிடும்.]

மூன்றாம் நாள் காலை, கிருமியை விதைத்த தட்டை எடுத்தாள். மேலே ஆறு மருந்து வில்லைகள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றி வட்டமாகக் காலியிடம் விழும். ஐந்தில் வட்டமே இல்லை. பொன்னாத்தாளுக்கு ஏறிக்கொண்டிருக்கும் மருந்தின் வில்லையையும் விளிம்புவரை கிருமி மூடியிருந்தது. ஆறாவதைச் சுற்றி மட்டும் தெளிவான வெளி. தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பயத்துக்கு முன்னால் பிரமிப்புத்தான் வந்தது. அதற்காக வெட்கப்பட்டாள்.

டாக்டருக்குப் போன் செய்துவிட்டு வார்டுக்கு ஓடினாள்.

4

"ஏனுங்கம்மா, எந்த மருந்தும் தின்னலைன்னு சொன்னீங்களே?"

"தின்னலையே கண்ணு."

"குடிச்சீங்களா?"

பொன்னாத்தாள் புருசன் ராசப்பனை ஓரக்கண்ணால் பார்த்தாள். "அது மருந்துங்களா? கோழிக்குத் தண்ணித் தொட்டியில கலக்கறது."

"அடிப் பாவி! எப்பொ?" என்றார் ராசப்பன்.

"மூத்திரக் கடுப்பு வாரப்பெல்லாம். நாலஞ்சு தடவை. கத்தாதீங்க மாமா, கணக்காத்தான் குடிச்சேன். கோழி ஒண்ணரைக் கிலோ, நான் அறுவது. நாப்பது கோழிக்கு உண்டானதை ஊத்துனேன். ரெண்டு நாள்ல கடுப்பு நின்னுது, நானும் நிறுத்திட்டேன்."

"முட்டை வெக்காம இருந்தியே, அதுவரைக்கும் சரி!"

அன்புச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்த மருந்தும் டாக்டர் போட்டதும் ஒரே குடும்பமுங்க. நீங்க குடிச்சப்பெல்லாம் சாகறது செத்துருச்சு. தாங்குனது மட்டும் பெருகிருச்சு."

"அப்ப நான் பொழைப்பனா சாமி?"

"ஒரு மருந்து கேக்குதுங்க. ஒண்ணே ஒண்ணு."

5

(இந்த இடத்தில் அருணகிரி என்று ஒரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். முழு வில்லன். இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். பொன்னாத்தாள் கணக்குச் சொன்ன பிறகு வில்லனுக்கு வேலையில்லை.)

எட்டாயிரம் கோழிக்குப் பிசகாமல் மருந்து கலப்பவள் அவள். அவள் கணக்கில் வராதது ஒன்றுதான்: இடம் வாய்த்தால் அந்தக் குச்சி இருபது நிமிடத்தில் இரண்டாகும். பத்து மணி நேரத்தில் ஒன்று நூறு கோடி. தன்னைத்தானே படியெடுக்கையில் எங்கோ ஓர் எழுத்துப் பிசகினால், சில சமயம் அந்தப் பிசகே கவசம். நானும் பிசகி எழுதுகிறவள்தான். என் பிசகு எதுவும் ஓர் ஈயைக்கூடக் காப்பாற்றியதில்லை.

6

முடிவு ஒன்று: சாயந்திரம் காய்ச்சல் இறங்கியது, பொன்னாத்தாள் இட்லி கேட்டாள். எழுதினேன். ஆசையில் எழுதியது என்று பார்த்தாலே தெரிந்தது.

முடிவு இரண்டு: "ராசப்பன் தனியாகப் பண்ணைக்குத் திரும்பி—" கை ஓடவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பதினோரு மணிக்கு ஆறாவது மருந்து ஏறத் தொடங்கியது. தட்டில் விழுந்த வட்டம் நிஜம். ஆனால் தட்டுக்குச் சிறுநீரகம் இல்லை, இரத்தம் இல்லை. நண்பகலில் காய்ச்சல் அதே நூற்று மூன்று. இரத்த அழுத்தம் மட்டும் ஒரு நூலளவு ஏறியிருந்தது. அது மருந்தா, ஏற்றிய சலைனா என்று அன்புச்செல்விக்கும் தெரியவில்லை.

ராசப்பன் இரண்டு வாய் சாப்பிட்டு வரப் போயிருக்கிறார். கட்டிலோரம் நாற்காலி கிடக்கிறது. அவர் வரும்வரை நீங்கள் உட்காருங்கள் சாமி. இரண்டு மணிக்கு நர்ஸ் காய்ச்சல் பார்க்க வருவார். என்ன வந்தது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.